தேசியமயமும் குமாஸ்தாக்களும்

1956-ஆம் வருஷம் ஜனவரி 19-ஆம் தேதி இரவு, ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலின் நிர்வாகத்தை அவசரச் சட்டத்தின் மூலம் அரசாங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நிதி மந்திரி தேஷ்முக் வானொலியில் அறிவித்தபோது, முதலாளிகள் எவ்வாறு திகைத்தார்கள் என்பதைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவோர் பலர். மறுநாள் காலையில் வழக்கம்போல் டிபன் பாத்திரத்துடன் ஆபீஸுக்குப் புறப்பட்ட குமாஸ்தாவை நினைப்போர் சிலரே. ஆனால் தேசியமயத்தைக் கோரியவர்களில் அவரும் ஒருவர். 1951-இல் பம்பாயில் பிறந்த அகில இந்திய இன்ஷூரன்ஸ் ஊழியர் சங்கம் அதைத் தன் லட்சியங்களுள் ஒன்றாகவே வைத்திருந்தது.

1956 செப்டம்பர் முதல் தேதி ஐந்து கோடி ரூபாய் மூலதனத்துடன் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தோன்றியபோது அதற்குள் கலந்தவை 245 ஸ்தாபனங்கள்: இந்தியக் கம்பெனிகள் 154, அந்நியக் கம்பெனிகள் 16, பிராவிடெண்டு சங்கங்கள் 75. கல்கத்தாவிலும் பம்பாயிலும் வசதியான சம்பளம் பெற்றவரும், எங்கோ ஒரு சிறு சங்கத்தில் முதலாளியின் தயவையே நம்பிக் காலம் தள்ளியவரும் ஒரே விதிகளுக்கு உட்பட்டவர்களாயினர். வேலை உண்டு என்று உறுதி கூறிய அதே கார்ப்பரேஷன் சட்டத்தின் பதினோராவது பிரிவு, சம்பளத்தையும் ஊழிய நிபந்தனைகளையும் மாற்றும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் வைத்தது. 1957-இல் பிறந்த உத்தரவினால் அந்த அதிகாரம் பிரயோகிக்கவும் பட்டது. தாமே விரும்பி அழைத்த எஜமானர் பழைய எஜமானரைக் காட்டிலும் பலசாலி என்பதை ஊழியர் அப்போதே உணர்ந்திருப்பார்கள்.

சென்னை மவுண்ட் ரோடில் 1959-இல் திறக்கப்பட்ட கார்ப்பரேஷனின் மாடிக் கட்டடத்தை ஊரார் அண்ணாந்து பார்த்தார்கள். அதைத் திட்டமிட்ட யுனைடெட் இந்தியா கம்பெனியின் சிதம்பரம் செட்டியார், 1954-லேயே சிங்கப்பூர் விமான விபத்தில் மாண்டுபோனார். தேசியமயத்தையும் அவர் பார்க்கவில்லை, கட்டடத்தையும் பார்க்கவில்லை. உள்ளே நடந்த வேலையோ கவர்ச்சியற்றது: பிரீமியம் நோட்டீஸ் அனுப்புவது, லெட்ஜரில் வரவு வைப்பது, காலாவதியான பாலிசிக்கு உயிர் கொடுப்பது, மரணக் கிளெயிம் தாள்களில் கையெழுத்து ஒத்துப் பார்ப்பது. கணவனை இழந்தவளின் கைக்குப் பணம் போய்ச் சேருவது இந்தச் சலிப்பூட்டும் காரியங்களின் ஒழுங்கினால்தான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த லெட்ஜர்களுக்குப் பதிலாக வரும் யந்திரங்கள் குமாஸ்தாக்களின் வேலையை விழுங்கிவிடும் என்ற பீதி எழுந்தது. கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையாதபடி 1960-களின் பிற்பகுதியில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவலிருந்தார்கள். யந்திரத்தை என்றென்றைக்கும் தடுத்து நிறுத்த இயலாதுதான். என்றாலும் பிழைப்பைப் பற்றி அஞ்சியவனை மூடன் என்று பரிகசிப்பது எளிது, நியாயமன்று.

ஊழியருக்கும் புதிய எஜமானருக்கும் இடையே இருந்த பிணக்கு உச்சத்தை அடைந்தது போனஸ் விவகாரத்தில். கார்ப்பரேஷன் ஊழியர்களுடன் செய்துகொண்ட 1974 ஜனவரி ஒப்பந்தத்தின்படி மூன்றாம், நான்காம் வகுப்பு ஊழியர்களுக்கு வருஷச் சம்பளத்தில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் உச்சவரம்பின்றி ரொக்க போனஸ் கிடைக்கவேண்டியிருந்தது. நெருக்கடி நிலைமை பிறந்தது; போனஸ் நிறுத்தப்பட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி 1976 மே மாதம் தீர்ப்பளித்த சில நாட்களுக்குள்ளேயே, அந்த ஷரத்தை ரத்துச் செய்யும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. கையொப்பமிட்ட வாக்குறுதியைச் சட்டத்தினால் அழிக்க முயன்றது அரசாங்கத்துக்குப் பெருமை தரும் காரியமன்று. மதன்மோகன் பாடக் வழக்கில் 1978-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்து, ஒப்பந்தப்படி போனஸ் கொடுக்குமாறு கார்ப்பரேஷனுக்கு உத்தரவிட்டது.