முன்னாள் படைவீரர்களின் மனநலம்: சட்டம் தருவதும் தரவேண்டியதும்



கார்மேல் மலையில் வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, அதன்பின் பாலைநிலத்தில் அமர்ந்து தமக்குச் சாவு வேண்டும் என்று மன்றாடினார் (1 அரசர்கள் 19). கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், உணவும் நீரும் அளித்தார், பிறகே அடுத்த பணியைத் தந்தார்.

எல்லையில் காவல் காத்துத் திரும்பியவர்கள் நம் பங்குகளிலும் வாழ்கிறார்கள். ஓசூர் தொழிற்சாலை வாயில்களில் இரவுக்காவல் பார்ப்பவர்களிலும் அவர்கள் உண்டு. தூக்கமின்மை, திடீர்க் கோபம், குடி, யாரோடும் பேசாமை ஆகியவற்றைப் 'பட்டாளத்துக் குணம்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது சிகிச்சை தேவைப்படும் நோயாகவும் இருக்கலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் நாம் அறியவேண்டியவை:

பிரிவு 18: அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மையங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை.

பிரிவு 21: உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்படவேண்டும்.

பிரிவு 23: நோயாளியின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படவேண்டும்.

பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குத் தண்டனை இல்லை. சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை.

திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2282) கடும் உளநோயும் பேரச்சமும் தற்கொலை செய்பவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றே கற்பிக்கிறது. ஆகவே அத்தகைய குடும்பத்தைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை.

ஆனால் மேற்கண்ட சட்டம் அனைவருக்கும் பொதுவானது. அமெரிக்காவில், ஈராக்கிலிருந்து திரும்பித் தன் உயிரை மாய்த்துக்கொண்ட ஜோசுவா ஓம்விக் என்ற இளம் வீரரின் பெயரால், முன்னாள் படைவீரர் தற்கொலைத் தடுப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் பெரும்பாலும் ஓய்வூதியம் பெறுவோருக்கே உதவுகிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் விதிகளின்படி, நான்காண்டு முடித்து வெளியேறும் இளைஞருக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இந்த இடைவெளியைச் சட்டத்தால் நிரப்பும்படி நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்பதும் விசுவாச வாழ்வின் ஒரு பகுதியே.

அதுவரை, கையில் இருக்கும் உதவியைப் பயன்படுத்துவோம். 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே உள்ளது. கிருஷ்ணகிரி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். தனியே போகத் தயங்குபவரோடு அன்பியத்திலிருந்து ஒருவர் துணைக்குச் செல்லட்டும். எலியாவைத் தட்டியெழுப்பி உணவு தந்த வானதூதரின் பணி இன்று நம்முடையது.