ஓர் உலாவியில் தமிழ், மற்றோர் உலாவியில் கிறுக்கல்



ஒரே தமிழ்ப் பக்கம் ஓர் உலாவியில் அழகாகத் தெரியும்; மற்றோர் உலாவியில் பொருளற்ற குறிகளாகக் கிடக்கும். அதனைக் கண்டு, "கணினிக்குத் தமிழ் ஒத்துவராது" என்று முடிவு கட்டியோரை நான் பார்த்திருக்கிறேன். அம்முடிவு தவறு என்பதை இணைய வரலாறு காட்டுகிறது.

ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, உலாவி படம், எழுத்துரு முதலியவற்றைப் பின்னணியில் தனித்தனியே கேட்டுப் பெறுகிறது. தொடக்கக் காலத்தில் பெரும்பாலான கணினிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. எனவே, எழுத்துருவையும் பக்கத்தோடு அனுப்பும் முறை வந்தது. 1997-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 'இஓடி' என்னும் கோப்பை ஏற்றது. நெட்ஸ்கேப் 4 'பிஎஃப்ஆர்' என்னும் கோப்பை ஏற்றது. ஒன்றை மட்டும் வைத்த தளத்தில், மற்ற உலாவியைப் பயன்படுத்தியவருக்குத் தமிழ் கிட்டவில்லை.

எங்கள் கெமாஸ் நிலையத்தில் மேற்குக் கரை, கிழக்குக் கரை இருப்புப்பாதைகள் கூடுகின்றன. இரண்டிற்கும் தண்டவாள அகலம் ஒன்றே. ஆதலால் வண்டி தடையின்றிச் செல்கிறது. உலாவிகளுக்கு அன்று அத்தகைய பொது அளவு இல்லை.

பக்கத்தை மீண்டும் திறக்காமலே தகவல் கேட்டுப் பெறும் வசதிக்கும் இதுவே நேர்ந்தது. 1999-இல் எக்ஸ்புளோரர் 5 அதனைத் தன் வழியில் தந்தது. மொசில்லா பின்னர் வேறு வழியில் தந்தது. இருவருக்கும் ஏற்ப நிரல் எழுதாத பக்கம் ஓர் உலாவியில் ஊமையாயிற்று. 2006-இல்தான் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பொது வரைவை வெளியிட்டது; அவ்வாண்டு வந்த எக்ஸ்புளோரர் 7 பொது வழியையும் ஏற்றது.

2009-இல் வந்த பயர்பாக்ஸ் 3.5, வேறு தளத்திலுள்ள எழுத்துருவை அத்தளத்தின் வெளிப்படையான இசைவின்றி ஏற்க மறுத்தது. வேறு சில உலாவிகள் அன்று அவ்வாறு தடுக்கவில்லை. மீண்டும் ஓர் உலாவியில் மட்டும் பழுது! இம்முறை காரணம் பாதுகாப்பு விதி.

ஆகவே, பள்ளிப் பக்கம் ஏதேனும் பழுதானால் முதலில் வேறோர் உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால், பழுதான உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியில் வந்து சேராத கோப்பு எது, அது எந்தத் தளத்திலிருந்து வரவேண்டியது என்று நோக்குங்கள். 'கன்சோல்' பகுதியில் மறுப்பின் காரணமும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

திரையில் கிறுக்கலைக் காணும் மாணவரிடம், "தமிழ் வராது" என்று சொல்லாதீர்கள். "எந்தக் கோப்பு வரவில்லை, தேடு" என்று சொல்லுங்கள். முதற்சொல் மொழியின்மீது ஐயத்தை விதைக்கும். இரண்டாவது, தேடும் அறிவை வளர்க்கும்.