ஐ.பி.எல். சூதாட்ட வழக்கும் சென்னை அணியின் தடையும்

சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளும் ஐ.பி.எல். போட்டிகளில் ஆடவில்லை. தோல்வியோ பணமுடையோ அதற்குக் காரணமில்லை. அணி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் பந்தயம் கட்டியதே காரணம்.

2013 மே 16 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் ஸ்ரீசாந்த், அஜித் சாண்டிலா, அங்கித் சவான் ஆகிய மூவரை டெல்லி காவல்துறை கைது செய்தது. முன்கூட்டிப் பேசிவைத்தபடி ஓர் ஓவரில் குறிப்பிட்ட அளவு ரன்களை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆட்டத்தின் முடிவை மாற்றாமல் அதில் ஒரு துண்டை மட்டும் விற்கும் இம்முறைக்கு ஸ்பாட் பிக்சிங் என்று பெயர்.

அடுத்த வாரமே வழக்கு சென்னைப் பக்கம் திரும்பியது. மே 24 அன்று குருநாத் மெய்யப்பனை மும்பை காவல்துறை பந்தய வழக்கில் கைது செய்தது. இவர் அப்போதைய இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர் என். சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் நிர்வகித்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனமே சென்னை அணியின் அப்போதைய உரிமையாளர். அதாவது, போட்டியை நடத்துபவரும் அதில் ஓர் அணியை வைத்திருப்பவரும் ஒருவரே. வாரிய நிர்வாகிகளுக்குப் போட்டிகளில் வணிக நலன் கூடாது என்றிருந்த விதியில் ஐ.பி.எல்.லுக்கு மட்டும் 2008இல் விலக்குச் சேர்த்திருந்தார்கள். என் பார்வையில் இவ்வழக்கின் வேர் பந்தயத்தில் இல்லை, இந்த விலக்கில்தான் இருக்கிறது.

வாரியம் அமைத்த இருவர் குழு குருநாத்தின் மேல் குற்றமில்லை என்றது. ஆனால் அக்குழு அமைக்கப்பட்டதே செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் முகுல் முத்கல் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. குருநாத் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்ற வாதத்தை ஏற்காத அக்குழு, அவர் அணியின் நிர்வாகியே என்றும் பந்தயம் கட்டினார் என்றும் 2014இல் அறிக்கை அளித்தது. 2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் தாக்கூர், கலிஃபுல்லா அமர்வு 2008ஆம் ஆண்டு விலக்கை ரத்து செய்தது. தண்டனையைத் தீர்மானிக்க அமர்த்தப்பட்ட லோதா குழு, அதே ஆண்டு ஜூலை 14 அன்று சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது.

ஆட்டக்காரர்களின் வழக்கு வேறு திசையில் போனது. 2015 ஜூலை 25 அன்று டெல்லி நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. இந்தியாவில் ஆட்டத்தை விற்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் கிடையாது. அதனால் அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அது பொருந்தவில்லை. ஸ்ரீசாந்துக்கு வாரியம் விதித்த ஆயுள் தடையும் பின்னர் ஏழாண்டாகக் குறைந்தது.

சூதாட்டச் சட்டமோ மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் கிண்டி குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அன்று என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கிண்டி மைதானத்தில் சீட்டு வாங்குபவர் சட்டத்துக்கு உட்பட்டவர், கிரிக்கெட்டுக்குத் தொலைபேசியில் பணம் கட்டுபவர் குற்றவாளி. லோதா குழு 2016 அறிக்கையில் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கவும் ஆட்ட விற்பனையைக் குற்றமாக்கவும் பரிந்துரைத்ததில் வியப்பில்லை.

டென்னிஸ் உலகம் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது. 2007 ஆகஸ்டில் போலந்தின் சோபோட் நகரில் டேவிடென்கோ, தரவரிசையில் வெகு பின்னால் இருந்த வசாயோ அர்குவேயோவிடம் ஆடினார். அந்த ஆட்டத்தில் குவிந்த பணத்தின் போக்கைக் கண்ட பெட்ஃபேர் நிறுவனம் பந்தயங்களை ரத்து செய்தது. விசாரணையில் இருவர் மீதும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயினும் 2008இல் டென்னிசுக்கெனத் தனிக் கண்காணிப்புப் பிரிவு உருவானது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவரை மட்டும் வளைத்தால் போதும். 2018இல் வெளியான சுயேச்சைக் குழுவின் அறிக்கையின்படி, செலவுக்கு ஈடாகச் சம்பாதிப்பவர்கள் முதல் 250 முதல் 350 பேர் மட்டுமே. அவர்களுக்குக் கீழே பல்லாயிரம் பேர் கைக்காசைப் போட்டு ஊர் ஊராக ஆடுகிறார்கள். இடைத்தரகர்கள் தேடிப்போவது அவர்களைத்தான்.

தெற்காசியாவில் ஆட்ட விற்பனையைத் தனிக் குற்றமாக்கிய முதல் நாடு இலங்கை. 2019 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சென்னை அணி 2018இல் களத்துக்குத் திரும்பி, அந்த ஆண்டே கோப்பையை வென்றது.