பேரை வாவியிற் கிடந்த பிரேதம்: ஒரு நாவலின் முடிவு குறித்து

ஷெஹான் கருணாதிலக்கவின் 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' என்னும் ஆங்கில நாவல் 2022இல் இலண்டனில் வெளிவந்து, அவ்வாண்டே புக்கர் பரிசும் பெற்ற பின்னர், அதன் முடிவைப் பற்றி ஓர் அபிப்பிராயம் விமர்சகரிடையே வேரூன்றிவிட்டது. 1990ஆம் ஆண்டுக் கொழும்பின் படுகொலைகளை ஆராயப் புகுந்த கதை, மாலியைக் கொன்றவர் அவனுடைய காதலன் டிடியின் தந்தையே என்று முடிவதால், அரசியல் நாவல் குடும்பக் கதையாய்ச் சுருங்கிவிட்டது என்பர். அத்தந்தை, அமைச்சர் ஸ்டான்லி தர்மேந்திரன், தமிழராதலால், சிங்கள ஆசிரியர் அரசின் பழியைத் தமிழர் தலையிற் சுமத்தினார் என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் ஒரே பிழையான வாசிப்பிற் பிறந்தவை என்பது எமது துணிபு.

நாவலின் தொடக்கத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும். உடலைப் பிரிந்த மாலி, தன் பிரேதத்தை இருவர் பேரை வாவியில் எறிவதைத் தானே காண்கிறான். அவ்விருவருக்கும் அவன்மேல் எவ்விதப் பகையும் இல்லை. அரசின் இரகசியப் படையினர் கொன்ற உடல்களை மறைப்பதே அவர்களுடைய அன்றாடத் தொழில். தந்தையின் கோபம் தனிப்பட்டதாயிருக்கலாம். அக்கோபத்தின் விளைவை வாவிக்குச் சுமந்து சென்ற கைகளோ அரசுக்கு ஊழியஞ்செய்த கைகள். பதவியற்ற ஒரு தந்தை மகனைக் கடிந்திருப்பான், வீட்டை விட்டு விரட்டியிருப்பான். ஒருவனைச் சுவடின்றி மறையச் செய்யும் வல்லமை தர்மேந்திரனுக்கு நாற்காலியிலிருந்தே வந்தது. இதனை ஆசிரியர் எவ்வளவு பிரக்ஞையோடு அமைத்தார் என்று அறுதியிட எம்மால் இயலாது. ஆயினும் பிரதி அவ்வாறே நிற்கிறது.

கிரகாம் கிரீன் 1955இல் சைகோனைக் களமாக வைத்து எழுதிய நாவலிலும், அமெரிக்கன் பைலின் கொலைக்கு ஆங்கில நிருபர் பௌலர் துணைநின்றமைக்குச் சதுக்கத்தில் வெடித்த குண்டு காரணமா, பூவோங் என்னும் பெண் காரணமா என்பது பிரித்தறிய முடியாதபடி பின்னிக் கிடக்கிறது. அதனால் அந்நாவல் அரசியலை இழந்தது என்று எவரும் கூறினாரல்லர். ஆவிகள் பேசும் கருணாதிலக்கவின் கதையை அரசியல் நாவலென்று கொள்ளலாமோ என்பார்க்கு நெடிய விடை வேண்டுவதில்லை: 1989இல் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜனி திராணகமவின் சாயலை டாக்டர் ராணி ஸ்ரீதரனிற் காணாதவர் அதனைக் கவனித்து வாசித்தவராகார்.

இனி, பழி பற்றிய குற்றச்சாட்டு. மாலியின் கட்டிலடியிற் கிடந்த பெட்டியிலிருந்த படங்களுள், 1983 ஆடியில் தமிழர் தாக்கப்படுவதை ஓர் அமைச்சர் பார்த்துக்கொண்டிருந்த காட்சியும் இருந்தது. அப்படங்கள் லயனல் வென்ட் மண்டபச் சுவரில் ஊரறியத் தொங்குகின்றன. இவ்வாறு அரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய நாவல் அதனை விடுவித்தது என்று எங்ஙனம் கூறுவது? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த தமிழருக்குத் தர்மேந்திரன் அந்நியரல்லர். அந்த ஆடி மாதத்திலும் தொண்டமான், தேவநாயகம், இராசதுரை ஆகிய தமிழர் அமைச்சரவையில் இருந்தனர். தர்மேந்திரன் அவர்களுள் எவரின் பிரதிபிம்பமும் அல்லர். அவ்வாறு தேடுவது நாவலுக்கும் அம்மனிதருக்கும் இழைக்கும் அநீதி. ஆனால் தம்மவரின் வீடுகள் எரிகையிலும் அவ்வாசனத்தில் அமர்ந்திருப்பவன் யாருடைய பிரதிநிதி என்ற வினா, அந்நாட்களில் அகதி முகாம்களில் ஒதுங்கியிருந்த கொழும்புத் தமிழர் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் எழுந்த வினா. அவ்வினாவைச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் துணிந்து தம் கதையின் மர்மமுடிச்சிலேயே வைத்தார். நம்முடைய விமர்சனமோ அதனைக் குடும்ப விவகாரமென்று ஒதுக்கிவிட்டது.