உடைமை, எல்லை, வழி: முதுமலை – சீகூர் யானைப் பாதுகாப்பின் வரலாறு

முன்னுரை

நீலகிரி மலையின் வடசரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் நடுவே அமைந்திருக்கிறது சீகூர் மேட்டுநிலம். இதன் மேற்கே முதுமலை, பந்திப்பூர், வயநாட்டுக் காடுகள், கிழக்கே சத்தியமங்கலம். தெற்கில் மலை செங்குத்தாக எழுகிறது, வடக்கில் பள்ளத்தாக்கு ஆழ இறங்குகிறது. இவ்விரண்டிலும் யானையால் எளிதில் ஏறவோ இறங்கவோ இயலாது. மேற்குக் காட்டுக்கும் கிழக்குக் காட்டுக்கும் இடையே வலசை போகும் யானைகளுக்கு ஆகவே சீகூர்தான் வழி. உலகில் ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பின் உயிர்நாடியான இணைப்புகளுள் இதுவும் ஒன்று.

கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இப்பகுதியில் யானையைக் காக்க முனைந்த சட்டமும் நிர்வாகமும் உண்மையில் எதைக் காத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதலில் அரசின் உடைமையாக யானை காக்கப்பட்டது. அடுத்து, எல்லை வகுத்த காடு காக்கப்பட்டது. யானை நடக்கும் வழியைக் காக்கும் எண்ணம் கடைசியாகத்தான் வந்தது. இந்தத் தாமதமே இன்றைய சிக்கல்களின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உடைமையாக யானை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னை மாகாண அரசுக்கு யானை பயிரழிக்கும் விலங்கு. அதைக் கொன்றவர்களுக்கு வெகுமதியும் வழங்கப்பட்டது. 1873இல் இயற்றப்பட்ட சென்னை காட்டு யானைகள் பாதுகாப்புச் சட்டம் இந்தப் போக்கைத் திருப்பியது. 1879இல் ஆங்கிலேய இந்திய அரசின் யானைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து நேரும் நிலையிலும், உரிமம் பெற்ற நிலையிலும் தவிர, யானையைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றமாயின.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் பொருளாதாரக் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கும் ஈட்டியும் அப்போது பெருமளவில் வெட்டப்பட்டு வந்தன. நிலம்பூர் திருமுல்பாடுக்குரிய முதுமலைக் காடுகளை, மரத்துக்காகவே அரசு குத்தகைக்கு எடுத்திருந்தது. வெட்டிய மரத்தைச் சரிவுகளிலிருந்து இழுத்துவர யானைக்கு நிகரான துணை இல்லை. ஆகவே காட்டு யானை அரசின் இருப்பாயிற்று. கோவை, ஆனைமலைக் காடுகளில் குழிமுறையிலும், மைசூர் அரசின் காக்கனகோட்டையில், கூட்டத்தை வளைத்து விரட்டி அடைக்கும் கெத்தா முறையிலும் யானைகள் பிடிக்கப்பட்டன. கடைசி கெத்தா 1971இல் நடந்தது.

மரம் இழுக்கும் யானைகளுக்காக உருவான தெப்பக்காடு முகாம் இந்தக் காலகட்டத்தின் எச்சம். அங்கே யானைகளைப் பழக்கிப் பேணிய அறிவு, குறும்பர், மலசர் முதலிய பழங்குடிப் பாகர்களுடையது. மரம் வெட்டுதல் நின்றபின் அந்த முகாமின் பணியும் மாறியது. ஊருக்குள் வரும் யானைகளைக் காட்டுக்குள் திருப்பும் கும்கிகளும், தாயைப் பிரிந்த குட்டிகளும் இன்று அங்கு பராமரிக்கப்படுகின்றன. இறந்த காட்டு யானைகளை முறையாக உடற்கூறாய்வு செய்து சாவின் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்திய வனக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியும் இங்கே பணியாற்றியவரே.

எல்லை வகுத்த காடு

1940இல் சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் முதுமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பின்னர் படிப்படியாக விரிந்து 321 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்கு நாடு தழுவிய சட்ட வலு தந்தது. 1977இல் யானை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1986இல் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் உருவானது. 1992இல் ஒன்றிய அரசின் யானைத் திட்டம் தொடங்கியது. 2007இல் முதுமலை புலிகள் காப்பகமானது.

இந்த எல்லைகள் வெறும் கோடுகளாக நின்றுவிடவில்லை. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே பெரிய தந்தம் உண்டு. 1970கள் முதல் தந்தத்துக்காகக் கொம்பன்கள் குறிவைத்துக் கொல்லப்பட்டதால் தென்னிந்தியக் காடுகள் பலவற்றில் ஆண் யானைகளின் விகிதம் வெகுவாகச் சரிந்தது. அந்த வேட்டையைக் கட்டுப்படுத்தியதில், நாள்தோறும் கால்நடையாகக் காட்டைச் சுற்றிவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் 2023இல் 2,961 ஆகவும், 2024இல் 3,063 ஆகவும் யானைகள் மதிப்பிடப்பட்டமைக்கு அவர்களின் உழைப்பும் ஒரு காரணம்.

ஆனால் எல்லைக்குள் மட்டும் அடங்கி வாழும் விலங்கல்ல யானை. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். முதுமலையின் மேற்குப் பகுதி மழை மிகுந்த இலையுதிர் காடு. கிழக்கே சீகூர் மழை மறைவு நிலத்தின் முட்காடு. புல்லும் நீரும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதால் யானையும் இடம் மாறுகிறது. பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் பகுதிகளில் 1980களில் யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் மேற்கொண்ட களஆய்வு, பருவகால நகர்வுக்கும் பயிர்ச் சேதத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கியது.

வழி என்னும் கருத்து

எல்லைக்கு வெளியே நிகழ்ந்தவை வேறு வேகத்தில் நகர்ந்தன. 1932இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையமும், 1952இல் மாயாறு மின்நிலையமும் இயங்கத் தொடங்கின. இவற்றுக்கான குழாய்களும் கால்வாய்களும் யானைத் தடங்களைக் குறுக்கே வெட்டின. வழக்கறிஞரும் இயற்கையாளருமான இ.ஆர்.சி. டேவிதார் இத்தடைகளைக் கவனித்து, நீலகிரியின் யானை வழித்தடங்களை 1970களிலேயே அடையாளம் காட்டினார். அவரது எச்சரிக்கை சட்டமாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதற்குள் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பகுதிகளில் தங்கும் விடுதிகள் பெருகின. அவற்றைச் சுற்றி மின்வேலிகளும் எழுந்தன.

31.8.2010 அன்று தமிழ்நாடு அரசு சீகூர் வழித்தடத்தை அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018இல் பல விடுதிகளுக்கு முத்திரையிட உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 14.10.2020 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தி, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதி ஒன்றருகே எரியும் டயர் வீசப்பட்டுக் காயமுற்ற ஆண் யானை உயிரிழந்தது. தீர்ப்பு வந்ததால் மட்டும் வழி திறந்துவிடாது என்பதை அந்தக் கொடுமை காட்டியது.

வழியைக் காக்கும் எண்ணம் சாலைக்கும் விரிந்தது. பந்திப்பூர் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை நடைமுறையில் உள்ளது. நாடளவில், 2005இல் வெளியான தொகுப்பு 88 வழித்தடங்களைக் கணக்கிட்டது. 2023இல் ஒன்றிய அரசின் அறிக்கை 150 என்றது. ஆவணப்படுத்தும் பணி வளர்ந்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இடம்பெற்ற வழியெல்லாம் சட்டக் காவல் பெற்றவையல்ல.

முடிவுரை

மூன்று கட்டங்களையும் ஒப்பிட்டால் ஒன்று புலப்படுகிறது. உடைமையையும் சரணாலய எல்லையையும் அரசு ஆணையால் நிறுவிவிடலாம். வழி அப்படியல்ல, அது பட்டா நிலத்தையும், இருளர், குறும்பர் குடியிருப்புகளையும், மேய்ச்சல் புறம்போக்கையும் கடந்து செல்கிறது. சுற்றுலா முதலீட்டால் எழுந்த கட்டடத்தையும், தலைமுறைகளாக அங்கே வாழும் குடும்பத்தின் வீட்டையும் ஒரே தட்டில் வைத்தால் மக்களின் எதிர்ப்பே மிஞ்சும். 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டப்படி பழங்குடிகளின் உரிமைகளை முதலில் தீர்த்துவைப்பதும், பயிர்ச் சேத இழப்பீட்டைக் காலம் தாழ்த்தாமல் வழங்குவதும் யானைப் பாதுகாப்புக்கு வெளியே உள்ள வேலைகள் அல்ல.

காட்டுக்குள்ளும் கவனம் தேவை. உண்ணிச்செடி படர்ந்து புல்லை நெரித்த இடங்களில் யானைக்குத் தீனி குறைகிறது. வழி திறந்திருந்தாலும் அது சேரும் காட்டில் உணவு இருந்தாக வேண்டும். சரணாலயத்தின் பரப்பையும் யானைகளின் எண்ணிக்கையையும் வெற்றிக்கு அளவுகோலாகக் கொண்ட காலம் போதும். மேற்கிலிருந்து கிழக்கே யானைக்கூட்டம் தடையின்றிச் சென்று திரும்புகிறதா, அவ்வழியில் குடியிருப்பவர்கள் அச்சமின்றி வாழ்கிறார்களா என்ற இரண்டையும் ஒருசேர அளந்து, அதன்படி நிதியும் பொறுப்பும் ஒதுக்குவதே அரசின் அடுத்த கட்டப் பணியாக வேண்டும்.