அமரராஜா – ஜான்சன் கன்ட்ரோல்ஸ் கூட்டு நிறுவனம்

திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் அருகிலும் ஆலைகள் நடத்தும் அமரராஜா பேட்டரீஸ், 1997 முதல் 2019 வரை கல்லா குடும்பமும் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸும் கைகோத்து நடத்திய கூட்டு நிறுவனம். வாகன ஓட்டிகளுக்கு அது அமரான். தரவு மையங்களின் மின்சாரப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கோ அது குவான்டா, அதாவது யு.பி.எஸ். பேட்டரி.

சித்தூர் மாவட்டம் பேட்டமிட்ட கிராமத்தைச் சேர்ந்த கல்லா ராமச்சந்திர நாயுடு அமெரிக்காவில் பொறியாளராக இருந்தவர். ஊர் திரும்பி 1985இல் நிறுவனத்தைத் தொடங்கினார். பிழைப்புக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்த இளைஞர்களுக்கு ஊர்ப்பக்கத்திலேயே ஆலை வேலை கிடைத்தது. இந்தக் கட்டுரையாளர் பார்வையில் நிறுவனத்தின் முதன்மையான சாதனை இதுதான்.

நிறுவனம் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டது வி.ஆர்.எல்.ஏ. எனப்படும் மூடிய வகை ஈய-அமில பேட்டரி. இதில் அமிலம் திரவமாகத் தளும்பாது. தகடுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய கண்ணாடியிழைப் பஞ்சு அதை உறிஞ்சி வைத்திருக்கும். சார்ஜ் ஏறும்போது பிறக்கும் ஆக்சிஜன் உள்ளேயே மீண்டும் நீராகிவிடுவதால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அடுக்கடுக்காக ரேக்கில் வைத்துக் கணினி அறைக்குப் பக்கத்திலேயே பூட்டலாம்.

தரவு மையத்தில் இதன் பணி சில நிமிடங்கள்தான். மின்வாரிய மின்சாரம் நின்ற கணத்துக்கும் டீசல் ஜெனரேட்டர் சுமையை ஏற்கும் கணத்துக்கும் நடுவே சர்வர்களைத் தாங்கிப் பிடிப்பது இதுவே.  

கூட்டு ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் 26 விழுக்காடு பங்கு. ஜான்சன் கன்ட்ரோல்ஸின் தொழில்நுட்பத்தோடு 2000இல் அமரான் சந்தைக்கு வந்தது. 2019இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் தன் பேட்டரிப் பிரிவை புரூக்ஃபீல்டு குழுவுக்கு விற்றபோது ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. கிளாரியோஸ் என்று பெயர் மாறிய அப்பிரிவு, கையிலிருந்த பங்குகளை 2023க்குள் விற்று வெளியேறியது. ஆலைகளும் தொழில் பழகிய கைகளும் இங்கேயே தங்கின. அதே 2023இல் நிறுவனம் அமரராஜா எனர்ஜி அண்டு மொபிலிட்டி ஆனது. லித்தியம் பேட்டரிக்காகத் தெலங்கானாவின் மகபூப்நகரில் 9,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 டிசம்பரில் ஒப்பந்தமிட்டிருந்தது.

ஈய-அமில பேட்டரியிலுள்ள ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. 2021 ஏப்ரல் இறுதியில், மாசு விதிகளை மீறியதாகக் கூறி ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளை மூட உத்தரவிட்டது. மே மாதம் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வழக்கு எப்படிப் போனாலும், ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களின் மண்ணும் நீரும் தொழிலாளர் இரத்தத்திலுள்ள ஈய அளவும் தொடர்ந்து சோதிக்கப்பட வேண்டியவை. பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மீதே சுமத்தியுள்ளன. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பழுதானால் அதைத் தெருவில் உடைத்து உருக்குபவர்களிடம் தராமல் விற்ற கடையிலேயே ஒப்படையுங்கள்.