கிட்சனர் சீரமைப்பு நீதிப் பணி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1974-இல் ஒரே ஒரு வழக்கில் செய்துபார்த்த முயற்சியிலிருந்து வளர்ந்த தொண்டுப் பணி இது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பது, குற்றம் செய்தவர்களை மீண்டும் ஊரோடு சேர்த்து வாழவைப்பது ஆகிய இரண்டையும் ஒரே அமைப்பு செய்கிறது. 1982 முதல் ‘கம்யூனிட்டி ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்ஸ்’ என்ற பெயரில் இலாப நோக்கற்ற நிறுவனமாகக் கிட்சனர் நகரில் இயங்கிவருகிறது. ‘சீரமைப்பு நீதி’ என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடக்கும் திட்டங்களுக்கு இதுவே முன்னோடி.

ஊரும் மக்களும்

டொராண்டோவுக்கு மேற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது கிட்சனர். ஜெர்மன் மொழி பேசியவர்கள் குடியேறிய ஊர் என்பதால் முதலில் அதற்குப் பெர்லின் என்றே பெயர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எதிரி நாட்டின் தலைநகர்ப் பெயர் உறுத்தவே, 1916-இல் கிட்சனர் பிரபுவின் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1909 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த அதே கிட்சனர்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் ஆழ வேரூன்றியிருந்தவர்கள் போரையே ஏற்காத மென்னோனைட்டுகள். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்தக் கிறிஸ்தவப் பிரிவினர் ஆயுதம் ஏந்துவதில்லை. 1800 வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கி உழுதவர்கள். கிட்சனருக்கு வடக்கே உள்ள எல்மைரா என்ற சிற்றூரில், பழைய மரபை விடாத மென்னோனைட் குடும்பங்களின் குதிரை வண்டிகளை இன்றும் கார்களுக்கு நடுவே பார்க்கலாம்.

1920-இல் பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கப்பட்ட மென்னோனைட் மத்தியக் குழு, காலப்போக்கில் சிறை, நீதிமன்றம் போன்ற இடங்களுக்கும் தன்னார்வலர்களை அனுப்பத் தொடங்கியது. அப்படிக் கிட்சனர் நன்னடத்தை அலுவலகத்தில் வேலை பார்த்தவர் மார்க் யான்ட்சி. அதே குழுவில் அவருடன் பணியாற்றியவர் டேவ் வொர்த்.

எல்மைரா, 1974

1974 மே மாதத்தில் ஓர் இரவு, 18, 19 வயதுள்ள இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் எல்மைரா தெருக்களில் இறங்கினார்கள். நிறுத்தியிருந்த கார்களின் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள், படகு ஒன்றை நாசமாக்கினார்கள், தேவாலயச் சிலுவையும் தப்பவில்லை. விடிந்தபோது 22 இடங்களில் சேதம். இருவரும் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

தண்டனைக்கு முன் நீதிபதிக்கு இளைஞர்களின் பின்னணி பற்றி அறிக்கை தருவது நன்னடத்தை அலுவலகத்தின் வேலை. அந்த அறிக்கையோடு யான்ட்சி ஒரு யோசனையையும் சேர்த்து அனுப்பினார்: இந்த இருவரும் தாங்கள் பாழாக்கிய வீடுகளுக்கே போய், அந்த வீட்டாரை நேரில் பார்த்தால் என்ன? நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில் ஒப்பவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கருதினார். வழக்கு மன்றத்துக்கு வந்தபோது மனம் மாறினார். தண்டனையை ஒரு மாதம் தள்ளிவைத்து, அதற்குள் இருவரும் வீடு வீடாகப் போய்ச் சேதத்தைக் கணக்கிட்டு வர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அந்த நடை எப்படி நடந்தது என்பதற்கு அலங்காரமே தேவையில்லை. யான்ட்சியும் வொர்த்தும் கையில் குறிப்பேட்டுடன் சற்றுப் பின்னால் நிற்பார்கள். இளைஞர்கள் வாசற்படி ஏறிக் கதவைத் தட்டுவார்கள். கதவு திறந்ததும், தாங்கள் யார், அன்றிரவு என்ன செய்தோம் என்பதைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். எவ்வளவு நஷ்டம், அதில் காப்பீடு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு அடுத்த கதவு. சில வீடுகளில் மன்னிப்புக் கிடைத்தது; சில வீடுகளில் நாலு சாத்து சாத்த வேண்டும் என்ற கோபம் கிடைத்தது. வீடு மாறிப் போனவர்களைத் தவிர எல்லாரையும் பார்த்து முடித்தார்கள்.

மொத்தச் சேதம் ஏறத்தாழ 2,200 டாலர். அதில் ஏறக்குறைய பாதியைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈடுகட்டியிருந்தன. மீதியை இருவரும் ஆளுக்குப் பாதியாகக் கட்ட வேண்டும், தலைக்கு 200 டாலர் அபராதமும் செலுத்த வேண்டும், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. சில மாதங்களில் இருவரும் மறுபடியும் அதே படிகளை ஏறி, அவரவர் பணத்தை அவரவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்த இருவரில் ஒருவர் ரஸ் கெல்லி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, கிட்சனரில் உள்ள கொனஸ்டோகா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, வகுப்புக்கு வந்த ஒருவர் எல்மைரா வழக்கைப் பற்றிப் பேசினார். தான் செய்த குற்றம் பாடமாகிவிட்டது என்பது அப்போதுதான் கெல்லிக்குத் தெரியவந்தது. கிட்சனர் அமைப்பைத் தேடிப்போய்த் தன்னார்வலராகச் சேர்ந்தார். தன் பெயரை மறைக்காமல் பொது மேடைகளில் தன் கதையைச் சொன்னார்.

திட்டமாக வளர்ந்தது

ஒரு வழக்கோடு நிற்காமல், மென்னோனைட் குழுவும் நன்னடத்தை அலுவலகமும் சேர்ந்து இதை ஒரு திட்டமாக்கின. ‘பாதிக்கப்பட்டவர்–குற்றவாளி சமரசத் திட்டம்’ என்பது அதன் பெயர். 1978-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊரில் இதே முறை தொடங்கியது. அங்கேயும் மென்னோனைட்டுகள்தான் முன்னின்றார்கள். எல்கார்ட் பணியில் உருவானவர் ஹோவர்ட் செர். கைதிகளின் பக்கம் நின்று உழைத்துவந்த அவர் தொடக்கத்தில் இந்தத் திட்டத்தின் மேல் ஐயம் கொண்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகே, அதுவரை தான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவந்ததை உணர்ந்தார். 1990-இல் அவர் எழுதிய ‘சேஞ்சிங் லென்சஸ்’ இத்துறையின் அடிப்படை நூலானது. குற்றத்தை அரசின் சட்டத்துக்கு எதிரான மீறலாக மட்டும் பார்க்காமல் மனிதர்களுக்கு இழைத்த தீங்காகப் பார்க்க வேண்டும், அந்தத் தீங்கைச் சரிசெய்யும் கடமை யாருக்கு என்று கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். செர் ஒரு புகைப்படக் கலைஞரும்கூட. ஆயுள் கைதிகளின் உருவப்படங்களும் பேச்சும் அடங்கிய நூலை 1996-இலும், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உருவப்படங்களும் பேச்சும் அடங்கிய நூலை 2001-இலும் வெளியிட்டார். முதலில் குற்றம் செய்தவர்கள், பிறகு பாதிக்கப்பட்டவர்கள் என்ற அந்த வரிசையே இயக்கம் முழுவதும் கடந்துவந்த பாதையாகவும் இருந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே வரிசைதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், குற்றவாளிகளின் மறுவாழ்வுக்காக உழைத்த ‘நாக்ரோ’ அமைப்பைச் சார்ந்த ஒரு குழு, பாதிக்கப்பட்டவர்களைக் கவனிக்க ஆளே இல்லை என்பதைக் கண்டு, அதே 1974-இல் ஓர் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. ‘விக்டிம் சப்போர்ட்’ என்ற இன்றைய தேசிய அமைப்பு அதிலிருந்து வந்ததே.

முதல் முறையில் இருந்த குறை

எல்மைராவில் நடந்ததைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் ஒன்று உண்டு. அந்த வீட்டாரிடம் யாரும் முன்கூட்டிச் சம்மதம் கேட்கவில்லை. தன் ஜன்னலை உடைத்தவன் திடீரென்று வாசலில் வந்து நின்றால் ஒரு முதியவருக்கு நெஞ்சு பதறாதா? இளைஞர்களுக்கு ஒரு மாத அவகாசம் இருந்தது. கதவைத் திறந்தவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. யோசனை பிறந்த இடம் நன்னடத்தை அலுவலகம். அதன் அக்கறை இளைஞர்களைத் திருத்துவதில் இருந்தது. பாதிக்கப்பட்டவரை அந்தத் திருத்தத்துக்கான கருவியாக்கிவிடும் ஆபத்து அப்போதே உள்ளே இருந்தது. பின்னாளில் பாதிக்கப்பட்டோர் நல அமைப்புகள் சொன்ன குறையும் இதுவே. அது நியாயமான குறை.

அந்தக் குறையை ஏற்று வேலைமுறையை மாற்றிக்கொண்டதால்தான் இந்தப் பணி நிலைத்தது என்று சொல்ல வேண்டும். இப்போது யாரையும் நேரே கூட்டிப்போய் நிறுத்துவதில்லை. பயிற்சி பெற்ற நடுநிலையாளர் முதலில் குற்றம் செய்தவரைத் தனியே பார்க்கிறார். செய்ததை அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேற்கொண்டு நகர்வதில்லை. பிறகு பாதிக்கப்பட்டவரைத் தனியே பார்க்கிறார். என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், யார் உடன் வர வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் முன்பே பேசித் தீர்க்கப்படுகின்றன. ‘வேண்டாம்’ என்று எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். நேரில் பார்க்க மனம் ஒப்பாதவர்களுக்குக் கடிதம் மூலமோ நடுநிலையாளர் மூலமோ கேள்விகளைக் கொண்டுசெல்லும் வழியும் உண்டு.

பாதிக்கப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ‘ஏன் என் வீடு?’ என்பது. தன்னை யாரோ குறிவைத்துவிட்டார்கள், மறுபடியும் வருவார்கள் என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் தூக்கமின்றிக் கிடப்பவர்கள் உண்டு. ‘உங்கள் வீட்டு விளக்கு அணைந்திருந்தது, அவ்வளவுதான்’ என்பது போன்ற ஒரு சாதாரணப் பதில் அந்த அச்சத்தைத் தீர்த்துவிடக்கூடும். வழக்கமான விசாரணையில் அந்தக் கேள்வியைக் கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு இடமே இல்லை. அங்கே அவர் ஒரு சாட்சி மட்டுமே.

பெயரும் மாறியது. ‘சமரசம்’ என்ற சொல்லைப் பல திட்டங்கள் கைவிட்டன. மன்னித்தாக வேண்டும், கை குலுக்கியாக வேண்டும் என்ற பாரத்தை அந்தச் சொல் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றுகிறது என்பதே காரணம். ஊர்ப் பஞ்சாயத்தில் ‘சமரசமாகப் போய்விடுங்கள்’ என்று எளியவரை அமுக்கும் வழக்கத்தைக் கண்ட தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தயக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

பணியின் விரிவு

1982-இல் தனி நிறுவனமான பின் அக்கம்பக்கத் தகராறுகள், குடும்பச் சச்சரவுகள் ஆகியவற்றிலும் பேசித் தீர்க்கும் சேவை தொடங்கியது. அதைவிடக் கடினமான வேலையையும் 1980-களில் கையிலெடுத்தது: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான குழுக்கள், அதைச் செய்தவர்களுக்கான குழுக்கள். இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கூடுகின்றன. ஒரே நிறுவனம் இருவரையும் ஏற்பது முறையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தீங்கு செய்தவர் அந்நியர் அல்லர். தகப்பனோ, அண்ணனோ, மாமனோ. அவரைத் திருத்த யாராவது முனைகிறார்களா என்பது அவர்களுடைய கவலையும்தான்.

1994-இல் ஒன்டாரியோவின் ஹாமில்டன் நகரில் இந்த இயக்கத்தின் மற்றொரு கிளை முளைத்தது. சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்காகச் சிறையில் இருந்த ஒருவர், தண்டனைக் காலம் முழுதும் முடிந்து வெளியே வந்தார். பரோல் கண்காணிப்பு கிடையாது, ஊரே கொதித்தது. ஹாரி நை என்ற மென்னோனைட் போதகர் தன் சபையிலிருந்து சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு குழு அமைத்தார். தினமும் யாராவது ஒருவர் அவரோடு பேசுவார். வேலை, வீடு, மருத்துவம் ஆகியவற்றுக்கு உதவுவார். அதே சமயம் அவர் எங்கே போகிறார், யாரோடு இருக்கிறார் என்று நேருக்கு நேர் கேட்பார். இதுவே ‘ஆதரவு–பொறுப்புடைமை வட்டங்கள்’ என்று பரவியது. இனி ஒருவரும் பாதிக்கப்படக் கூடாது, மனிதர் எவரும் தூக்கி எறியத் தக்கவர் அல்லர் என்ற இரண்டு வாசகங்களே இவ்வட்டங்களின் கொள்கை. வட்டத்தில் இருந்த 44 பேரையும், அதே அளவு ஆபத்துள்ளவர்களாக மதிப்பிடப்பட்டு வட்டத்தில் இல்லாத 44 பேரையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியான கனடிய ஆய்வு, வட்டத்தில் இருந்தவர்கள் மீண்டும் பாலியல் குற்றம் செய்வது 83 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. எண்ணிக்கை சிறிது என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் அத்தனை வலிமையான முடிவு இத்துறையில் அரிது.

கிட்சனரில் 1997-இல் கிராண்ட் வேலி என்ற பெண்கள் சிறை திறக்கப்பட்டது. கிட்சனர் அமைப்பின் ‘ஸ்ட்ரைட்’ என்ற திட்டத்தின் கீழ் வாரம் ஒரு மாலை ஊர்ப் பெண்கள் சிறைக்குள் போய்க் கைதிகளோடு விளையாடுகிறார்கள், கைவேலை செய்கிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள். விடுதலையாகும் நாளில் வாசலில் நிற்பதற்குப் பழகிய முகம் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். சிறைக்குள் பழகியவர்களே வெளியிலும் ஒரு சிறு வட்டமாகத் தொடர்கிறார்கள். பேருந்துப் பாதை கேட்பது, வங்கிக் கணக்குத் திறப்பது, பிள்ளைகளை மறுபடி பார்க்கும் முதல் நாளின் பதற்றம் என அவர்களுடைய தேவைகள் சின்னச் சின்னவை. சிறையிலிருந்து வந்த ஒருத்திக்கு அவையே மலை.

சட்டத்தில் இடம்

1974-இல் நீதிபதி மெக்கானல் தேடியும் கிடைக்காத சட்ட ஆதாரம் மெல்ல வந்தது. 1996-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கும் சமூகத்துக்கும் நேர்ந்த தீங்கை ஈடுசெய்வதைத் தண்டனையின் நோக்கங்களில் ஒன்றாகக் கனடியக் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தது. 2003-இல் நடப்புக்கு வந்த இளைஞர் குற்றவியல் நீதிச் சட்டம், நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் வழிகளை விரிவாக்கியது. நியூசிலாந்து, அந்நாட்டின் மாவோரிப் பழங்குடி மரபைத் தழுவிக் குடும்பக் கூட்ட முறையை 1989-லேயே சட்டமாக்கியிருந்தது. ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் 2002-இல் அடிப்படை நெறிகளை வகுத்தது.

பலனும் அளக்கப்பட்டது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த 10 சோதனைகளையும் 1,880 குற்றவாளிகளையும் தொகுத்து 2013-இல் வெளியான மதிப்பாய்வு, நேருக்கு நேர் சந்திப்பு மறுகுற்றத்தை ஓரளவு குறைக்கிறது என்றும், பாதிக்கப்பட்டவர்களின் மன நிறைவைக் கூட்டுகிறது என்றும் கண்டது.

பணத் தட்டுப்பாடு மட்டும் மாறவில்லை. இத்தகைய அமைப்புகள் நன்கொடையிலும் மானியத்திலும் தன்னார்வலர் உழைப்பிலும் ஓடுபவை. ஆதரவு வட்டங்களுக்கான கனடிய மத்திய அரசு நிதி 2010-களின் நடுவில் நின்று, 2017-இல்தான் மீண்டும் வந்தது. 2015-இல் வந்த பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம், சீரமைப்பு நீதித் திட்டங்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு அளிக்கிறது. கேட்டால்தான் தகவல். அப்படியொரு வழி இருப்பதையே அறியாதவர் எதைக் கேட்பார்? தகவல் கிடைத்தாலும், அவருடைய ஊரில் அந்தப் பணியைச் செய்ய ஓர் அமைப்பு இருக்க வேண்டும். அதை அந்தச் சட்டம் உறுதிசெய்யவில்லை.